றொக் பாண்டுக்கு வெளியில பேஸ் வாசிக்க: மேளக் கச்சேரி, நத்தார் கரோல், வெளிநாட்டு ரெக்கோடிங்

நாலுகம்பி (கிளிநொச்சி):

வணக்கம். சொந்தப் பாட்டு வாசிக்கிற நாலு பேர் கொண்ட றொக் பாண்டில பேஸ் வாசிக்கிறன். வழமையான ஈ-ஏ-டி-ஜி சுருதி, பிக்காலதான் அடிக்கிறது. இப்ப வெளியில மூண்டு வேலை வந்திருக்கு, ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாதவை.

முதலாவது வைகாசியில மாங்குளம் பக்கத்துக் கோயில் திருவிழா. நாதஸ்வரம், தவில், கீபோட், ஒக்டபாட் (தட்டி வாசிக்கிற மின் டிரம்ஸ்). முதல் ஒரு மணித்தியாலம் கீர்த்தனையும் பக்திப் பாட்டும், பேந்து சினிமாப் பாட்டு. இரண்டாவது முல்லைத்தீவுப் பக்கத் தேவாலயப் பாடகர் குழுவோட நத்தார் கரோல். மூண்டாவது, ரொறன்ரோவில இருக்கிற இசையமைப்பாளர் ஒருத்தர் நாலு பாட்டுக்கு இஞ்சயிருந்தே பேஸ் ரெக்கோட் பண்ணி அனுப்பச் சொல்லுறார்.

கையில இருக்கிறது: ஜாஸ் பேஸ் மாதிரி நாலு கம்பி (இரண்டு பிக்கப், பற்றரி இல்லாதது), 45–105 தடிப்புக் கம்பி (அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்ச கணக்கு), 40 வாட் அம்ப், ரியூனர் பெடல் ஒண்டு, மடிக்கணினி, இரண்டு சனல் இன்ரர்ஃபேஸ். டிஐ பெட்டி (பேஸின்ர சிக்னலை மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்கிறது) இல்லை.

நாதஸ்வரத்துக்கு எப்பிடிச் சுருதி சேக்கிறது? மிக்சருக்கு நேரே கொழுவலாமோ? ரெக்கோடிங்குக்கு என்னென்ன மாதிரி ஃபைல் அனுப்பவேணும்? இன்னொண்டு: வெளியில வாசிச்சால் கை மாறிப்போகும், பாண்டின்ர சத்தம் கெட்டுப்போகும் எண்டு எங்கட டிரம்ஸ்காரன் சொல்லுறான். அதில உண்மை இருக்கோ?

—

கட்டைக்கணக்கு (வவுனியா):

தம்பி, முதல்ல மேளத்தைப் பாப்பம். மூண்டு வேலையிலயும் உங்களைக் கவிழ்க்கக்கூடியது அதுதான். நாதஸ்வரம் உங்கட சுருதிக்கு இறங்கி வராது, நீங்கள்தான் அதுக்குப் போகவேணும்.

இப்ப கூடுதலாப் பாவிக்கிற பாரி நாதஸ்வரம் (நீளமானது) 2 கட்டையில அல்லது 2½ கட்டையில நிக்கும். கட்டை எண்டது ச எந்தச் சுரத்தில நிக்குது எண்டதைச் சொல்லுற அளவு. கணக்கு இதுதான்: 1 கட்டை சி, 1½ சி ஷார்ப், 2 டி, 2½ டி ஷார்ப், 3 ஈ, 4 எஃப், 4½ எஃப் ஷார்ப், 5 ஜி, 5½ ஜி ஷார்ப், 6 ஏ, 6½ ஏ ஷார்ப், 7 பி. இதில 3½ உம் இல்லை, 7½ உம் இல்லை. பாடுற ஆள் 3 கட்டையில நிண்டுகொண்டு "அரைக் கட்டை ஏத்துங்கோ" எண்டால் நீங்கள் போறது 4க்கு. மேடையில இதில தடுமாறுற கிற்றார்க்காரர் கனபேர்.

2 கட்டை மேளமெண்டால் தடிச்ச கம்பியை மட்டும் ஈயில இருந்து டிக்கு இறக்குங்கோ. திறந்த தடிச்ச கம்பி ச, திறந்த ஏ கம்பி ப, திறந்த டி கம்பி மேல் ச. கச்சேரி முழுக்க ஆதாரம் கையைத் தூக்கினாலே கிடைக்கும். ஜி கம்பி மட்டும் திறந்தால் ம, அதில கவனம்.

2½ எண்டால் நாலு கம்பியையும் அரைச் சுரம் இறக்கி, ஈயில வாசிக்கிற மாதிரி வாசியுங்கோ. திறந்த தடிச்ச கம்பி டி ஷார்ப், அதாவது ச. ஆனால் இஞ்ச ஒரு பொறி இருக்கு. மற்ற மூண்டு திறந்த கம்பியும் ஏ கம்பி ம, டி கம்பி கைசிகி நி, ஜி கம்பி சாதாரண க. மோகனத்தில ஒரு பாட்டு எண்டு வையுங்கோ. அதில ச ரி க ப த மட்டும்தான். மூண்டு கம்பியுமே ராகத்துக்கு வெளியில! கை தவறித் திறந்த கம்பி ஒண்டு அதிர்ந்தால் நாதஸ்வரக்காரர் திரும்பிப் பாப்பார். மோகனத்துக்கு தடிச்ச கம்பியில 0, 2, 4. ஏ கம்பியில 2, 4. பேந்து டி கம்பியில 2 மேல் ச. இதையே 2 கட்டையில, தடிச்ச கம்பியை மட்டும் இறக்கி வாசிச்சால் தடிச்சதில 0, 2, 4; ஏ கம்பியில 0, 2; டி கம்பி திறந்து மேல் ச.

றொக்காரருக்குக் கை பழகின மைனர் பென்ரரோனிக் பெட்டி இருக்கெல்லோ, அது ச, சாதாரண க, ம, ப, கைசிகி நி. அப்பிடியே சுத்த தன்யாசி. அந்த ராகம் வந்தால் உங்களுக்குக் கொண்டாட்டம். வேற ராகத்தில கை தானா அந்தப் பெட்டிக்குப் போகும், அதைத்தான் கட்டிப்போடவேணும். இன்னொரு சுரத்துக்குப் போகேக்க இடையில ஒரு ஃபிறெற்றைத் தொட்டு வழுக்கிப் போற பழக்கமும் அப்பிடித்தான். சினிமாப் பாட்டில அழகு, கீர்த்தனையில அபசுரம்.

க, ரி, த, நி எல்லாம் நாதஸ்வரம் கமகத்தோட அசைச்சு ஊதுற சுரங்கள். ஃபிறெற் பேஸில அதே இடத்தில அசையாத சுரம் வைச்சால் இரண்டும் உரசும். ஆகவே கீர்த்தனைப் பகுதியில ச-வும் ப-வும்தான் உங்கட சாப்பாடு. ஆலாபனைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கோ, அல்லது ச ஒண்டை மெல்ல நீட்டி விடுங்கோ.

சுருதி சேக்கிறது எப்ப எண்டது முக்கியம். குழல் வாத்தியம் சூடேற ஏற சுருதி ஏறும். வைகாசி வெயில் இறங்கின பின்னேரத்தில, ஊதத் தொடங்கின உடன சேத்தால் பத்து நிமிசத்தில நீங்கள் கீழ நிப்பீங்கள். வித்துவான் கொஞ்சம் ஊதி முடிச்ச பிறகு ஒரு ச-வை நீட்டச் சொல்லி ரியூனரில பாருங்கோ. சீவாளி (ஊதுற வாய்ப்பக்க நாணல்) மாத்தினாலும் கொஞ்சம் நகரும். 20 சென்ற் (அரைச் சுரத்தில நூறில ஒரு பங்குதான் ஒரு சென்ற்) மேல நிண்டால் ரியூனரின்ர 440ஐ 445 ஆக்கிப்போட்டு உங்கட நாலு கம்பியையும் திரும்பச் சேருங்கோ. கீபோட்காரருக்கும் அதைச் சொல்லி அவற்ற மாஸ்ரர் ரியூனிங்கையும் 445 ஆக்கவேணும். நீங்கள் மட்டும் மாறினால் பயனில்லை.

தவில் தீர்மானம் தொடங்கினால் நிப்பாட்டுங்கோ. ஒரே கோவை மூண்டு தரம் வந்து சமத்தில (தாளத்தின்ர முதல் தட்டில) விழும், அந்தச் சமத்தில நீங்களும் ச-வில விழுங்கோ. கூடவே ஓட வெளிக்கிட்டால் பெரும்பாலும் அரை மாத்திரை முந்தி விழுவீங்கள். மிஸ்ர சாபு வந்தால் 3+4, கண்ட சாபு எண்டால் 2+3. ஒவ்வொரு பிரிவின்ர முதல் தட்டில மட்டும் வாசிச்சாலே போதும்.

சினிமாப் பாட்டுக்கு விதி தலைகீழ். இளையராஜா பாட்டுகளில பேஸ் தனி மெட்டு மாதிரி எழுதப்பட்டிருக்கும், சனத்துக்கு அது மனப்பாடம். சுரம் சுரமாக் கேட்டு எழுதி வைச்சு வாசியுங்கோ, உங்கட கற்பனைக்கு அங்க இடமில்லை.

—

இடக்கைவால் (புதுக்குடியிருப்பு):

கீபோட் பக்கத்தில இருந்து இரண்டு விசயம், கச்சேரிக்கு முதல் நாளே கதைச்சு வையுங்கோ.

ஸ்ரைல் போட்டு வாசிக்கிற கீபோட்டில டிரம்ஸோட பேஸும் தானா ஓடும். ஸ்ரைலின்ர பகுதிகளில பேஸ் எண்டதை மட்டும் நிப்பாட்டலாம், மற்றது ஓடும். அதை மறந்தால் இரண்டு பேஸ் கேக்கும். ஸ்ரைல் ஒரு கோட்டின்ர வேரையும் ஐந்தாவதையும் மட்டும் அடிக்கும், நீங்கள் பாட்டின்ர உண்மையான லைனை வாசிப்பீங்கள், இரண்டும் கலங்கி எந்தச் சுரமெண்டே விளங்காது. பெரும்பாலும் "பேஸ் சத்தம் வடிவா இல்லை" எண்டு மிக்சரில தேடுவினம், பிழை கீபோட்டில கிடக்கும். ஸ்ரைல் இல்லாமல் இரண்டு கையாலயும் வாசிக்கிற ஆளெண்டால், இடக்கையை நடு சியில இருந்து ஒரு ஒக்ரேவுக்குக் கீழ இறக்கவேண்டாம் எண்டு கேளுங்கோ.

மற்றது ட்ரான்ஸ்போஸ். விரல் சியில நிக்கும், வாற சத்தம் டி ஷார்ப்பாயிருக்கும். அதால விரலைப் பாத்து வாசிக்கவேண்டாம், கட்டையைக் கேளுங்கோ. உங்கட தாளில கோட் பேருக்குப் பதிலா ச, ம, ப எண்டோ 1, 4, 5 எண்டோ எழுதி வையுங்கோ. கடைசி நேரத்தில பாடுற பிள்ளை அரைக் கட்டை குறைக்கச் சொன்னாலும் தாள் மாறாது. சினிமாப் பாட்டுகளைத் திறந்த கம்பி இல்லாமல் பழகினால் கையும் அப்பிடியே ஒரு ஃபிறெற் நகரும், அவ்வளவுதான்.

கரோலைப் பற்றி: நாலு குரலுக்கு எழுதின தாளெண்டால் ஆகக் கீழ் வரியை வாசியுங்கோ. பேஸ் கிற்றார் எழுதினதுக்கு ஒரு ஒக்ரேவ் கீழ ஒலிக்கும், ஆண் குரலை மறைக்காமல் அடியில நிக்கும். டி கோட்டுக்குக் கீழ எஃப் ஷார்ப் எண்டு எழுதியிருந்தால் எஃப் ஷார்ப்தான், டி இல்லை. அந்தப் படியிறக்கம்தான் கரோலின்ர அழகே. கூரை உயர்ந்த தேவாலயத்தில சத்தம் கன நேரம் சுத்தும். சுரத்தை முக்கால் பங்கு பிடிச்சு விட்டுடுங்கோ, மிச்சத்தைக் கட்டடம் நீட்டும். பிக் வேண்டாம், பெருவிரல். பாத்திரம் கழுவுற ஸ்பொஞ்சில ஒரு சென்ரிமீற்றர் தடிப்புத் துண்டு வெட்டி, பிறிட்ஜுக்குக் கிட்ட கம்பிகளுக்குக் கீழ செருகினால் புதுக் கம்பியின்ர கிணுகிணுப்பு அடங்கும்.

—

ஒலித்தட்டு (பரந்தன்):

மின்சாரத்தையும் சவுண்டையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மிக்சரின் லைன் இன்புட் பெரும்பாலும் 10 கிலோ ஓம் அளவில் இருக்கும். பற்றரி இல்லாத பிக்கப்பை அதில் நேரே கொழுவினால் பிக்கப்புக்குச் சுமை கூடி மேல் சத்தம் செத்துப்போகும், அளவும் குறையும். அதற்கு 1 மெகா ஓம் அளவு இன்புட் வேண்டும். ஆகவே வாங்குவது அக்ரிவ் டிஐ ஆக இருக்கட்டும்; மிக்சர் வயர் வழியே அனுப்பும் 48 வோல்ற் ஃபான்ரம் பவரிலோ 9 வோல்ற் பற்றரியிலோ ஓடும். பாசிவ் டிஐ உங்கள் பேஸுக்குப் பொருந்தாது, அது பற்றரி உள்ள பேஸுக்குச் சரி. டிஐ கிடைக்கும் வரைக்கும் உங்கள் ரியூனர் பெடல் பஃபர் உள்ளதாக இருந்தால் அதன் ஊடாக லைன் இன்புட்டுக்குப் போகலாம். ஆனால் மிக்சர் மேடையிலேயே இருக்கவேண்டும், வயர் 6 மீற்றருக்குள் இருக்கவேண்டும். முப்பது மீற்றருக்கு அப்பால் கூட்டத்துக்கு நடுவில் மிக்சர் இருந்தால் டிஐயும் எக்ஸ்எல்ஆர் வயரும் இல்லாமல் முடியாது.

மேடையில் "ம்ம்ம்" என்ற இரைச்சல் வந்தால் முதலில் பேஸின் வொலியூமைப் பூச்சியம் ஆக்குங்கள். இரைச்சல் நின்றால் பிக்கப் வாங்குகிறது. நிற்காவிட்டால் வயர், டிஐ, எர்த் பக்கம். ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு வொலியூமும் முழுதாகத் திறந்திருந்தால் இரண்டு பிக்கப்பும் ஒன்றின் இரைச்சலை மற்றது வெட்டும். ஒன்றைக் குறைத்தவுடன் திரும்ப வரும். லைற் மங்கப்பண்ணும் டிமரின் கிர்ர் சத்தம் வேறு: நீங்கள் நின்ற இடத்தில் திரும்பினால் கூடிக் குறையும். குறைவாக வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள்.

நமது கரண்ட் 50 ஹேர்ட்ஸ். தடிச்ச கம்பியின் 3ஆவது ஃபிறெற் ஜி 49 ஹேர்ட்ஸ், திறந்த ஜி கம்பி 98. இரைச்சலின் இரட்டிப்பு 100. அதனால் இரைச்சலோடு சுருதி சேர்த்தால் ஜி கம்பியில் ரியூனரின் ஊசி ஆடிக்கொண்டே நிற்கும். பலர் கம்பி பழசு என்று நினைத்து மாற்றுவார்கள். எர்த்தைச் சரிசெய்தால் ஊசி நின்றுவிடும்.

இரைச்சலை நிறுத்த பிளக்கின் எர்த் பின்னை வெட்டுவது, கழற்றுவது இரண்டும் உயிரோடு விளையாட்டு. டிஐயில் எர்த் லிஃப்ற் சுவிட்ச் இருக்கிறது, அது சிக்னலின் எர்த்தை மட்டும் பிரிக்கும், அதைத்தான் பாவிக்கவேண்டும். அம்ப், மிக்சர், கீபோட் எல்லாம் ஒரே பலகையிலிருந்து கரண்ட் எடுக்கட்டும். பாடுவதற்கு முன் மல்ரி மீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்து ஒரு முனையைப் பேஸின் பிறிட்ஜிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வையுங்கள். ஓரிரு வோல்ற்றுக்கு மேல் காட்டினால் மைக்கில் உதடு வைக்கவேண்டாம், காரணத்தைத் தேடுங்கள். இரண்டு பின் அடப்ரரில் ஓடும் கருவி ஏதாவது இருந்தால் 100க்கு மேலும் காட்டும். பெரும்பாலும் சுருக்கென்று கடிக்கிற அளவோடு நிற்கும், ஆனால் அது கசிவா உண்மையான எர்த் கோளாறா என்று மீற்றர் பிரித்துச் சொல்லாது.

வயல் பக்கக் கோயில்களில் ஜெனரேற்றர்தான் என்றால் இன்னும் கவனம். சிறிய ஜெனரேற்றர்களில் நியூற்றல் எர்த்தோடு சேராமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் பலகையில் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தாலும் முதல் கோளாறுக்கு விழாது. இதை மின்வேலை தெரிந்தவர் எர்த் கம்பி அடித்து நியூற்றலைச் சேர்த்துத்தான் சரிசெய்யவேண்டும், வாத்தியக்காரர் தொடக்கூடாது. சோடனை லைற் ஒரு லைனிலும் சவுண்ட் இன்னொரு லைனிலும் போகட்டும்.

கோயில்களில் மரத்திலும் கம்பத்திலும் கட்டுகிற கோன் ஸ்பீக்கருக்குப் பேஸை அனுப்பவே கூடாது. அவை 200, 300 ஹேர்ட்ஸுக்கு மேல்தான் ஒலிக்கும். உங்கள் நாலு திறந்த கம்பியின் அடிச்சுரமும் 41இலிருந்து 98க்குள். கேட்காது என்று சவுண்ட்காரர் கூட்டிக் கூட்டிக் கொடுப்பார், கேட்காத அந்தச் சக்தியில் உள்ளே இருக்கும் தகடு அளவுக்கு மீறி ஆடிக் கிழியும். கோன் லைனுக்குத் தனி ஒக்ஸ் (மிக்சரின் தனி வெளியீடு) எடுத்து அதில் பேஸையும் டிரம்ஸின் கிக்கையும் பூச்சியத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

சப் ஸ்பீக்கர் இரண்டு வந்தால் மேடைக்கு இரண்டு பக்கமும் பிரித்து வைப்பதுதான் வழக்கம். இரண்டையும் நடுவில் நிலத்தில் ஒட்டி வைப்பது நல்லது. 80 ஹேர்ட்ஸின் அலைநீளம் 4.3 மீற்றர் அளவு. பிரித்து வைத்தால் மணல்வெளியில் ஓர் இடத்தில் பேஸ் இடிக்கும், இரண்டு மீற்றர் தள்ளி நின்றால் காணாமல் போகும். உங்கள் 40 வாட் அம்ப் உங்கள் காதுக்கு மட்டும்தான். கதிரையில் ஏற்றிக் காதுப் பக்கம் சாய்த்து வையுங்கள். தவிலுக்கு மூன்று மீற்றருக்குள் நில்லுங்கள். பத்து மீற்றர் தள்ளி நின்றால் சத்தம் வந்து சேரவே 29 மில்லி செக்கன் ஆகும், நீங்கள் சரியாக வாசித்தும் பிந்துவீர்கள்.

மிக்சரில் 40 ஹேர்ட்ஸுக்குக் கீழ் வெட்டு, 250 பக்கம் 3 டெசிபல் குறைவு, 800 பக்கம் 2, 3 டெசிபல் கூட்டல். அந்த 800தான் போனில் நேரலை பார்ப்பவருக்குப் பேஸ் என்று ஒன்று இருப்பதைக் காட்டும்.

—

நாலுகம்பி (கிளிநொச்சி):

எல்லாருக்கும் நன்றி. அரைச் சுரம் இறக்கிப் பாத்தன், தடிச்ச கம்பி தளதளவெண்டு ஃபிறெற்றில அடிக்குது. டிக்கு இறக்கினால் இன்னும் மோசம். 5 கம்பிப் பேஸ் வாங்கவேணுமோ? வாசிச்ச ஆளெண்டு எனக்கு ரெக்கோடிங்கில ஏதும் உரிமை இருக்கோ எண்டும் ஆராவது சொல்லுங்கோ.

—

கட்டைக்கணக்கு (வவுனியா):

ஒரு கச்சேரிக்காக 5 கம்பி வாங்கவேண்டாம். அரைச் சுரம் இறக்கினால் இழுவை 11 வீதம் குறையும், முழுச் சுரம் இறக்கினால் 21 வீதம். கம்பி தளர, கழுத்தும் கொஞ்சம் பின்னுக்கு நிமிரும், அதுதான் அடிக்குது. தடிச்ச கம்பியை மட்டும் மாத்துங்கோ: 2½ கட்டைக்கு 110, 2 கட்டைக்கு 115 அல்லது 120. நட்டின்ர (கழுத்தின்ர மேல் முனையில கம்பி தாங்குற துண்டின்ர) வெட்டுக்குள்ள புதுக் கம்பி இறங்குதோ எண்டு பாருங்கோ. மேல நிண்டால் திறந்த கம்பி இரையும், சுருதியும் தப்பும். வட்டமான சின்ன அரத்தால மெல்லமா அகலப்படுத்தவேணும், ஆழப்படுத்தக்கூடாது.

பேந்து கழுத்தைப் பாருங்கோ. தடிச்ச கம்பியை முதல் ஃபிறெற்றிலயும் கழுத்து உடம்போட சேருற ஃபிறெற்றிலயும் அமத்திப் பிடிச்சு, 7ஆவது ஃபிறெற்றுக்கு மேல இடைவெளி 0.3–0.4 மில்லிமீற்றர் இருக்கவேணும். ஒரு விசிற்றிங் கார்ட் இறுக்கமில்லாமல் போய்வந்தால் சரி. இடைவெளி இல்லையெண்டால் ட்ரஸ் றொட்டை (கழுத்துக்குள்ள ஓடுற இரும்புக் கம்பியை) இடப்பக்கம் கால் சுத்து தளர்த்தி, திரும்பச் சுருதி சேத்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கோ. ஒரே தரத்தில முழுச் சுத்துச் சுத்தவேண்டாம். மாரியில ஈரத்துக்குக் கழுத்து வளையும், வைகாசி, ஆனியில காய்ஞ்சு நிமிரும். ஐப்பசியில செய்த அளவு திருவிழாவுக்கு நிக்காது. கச்சேரிக்கு ஒரு கிழமைக்கு முதல் பாருங்கோ, அண்டைக்குப் பின்னேரம் இல்லை.

—

வேவ்ஃபைல் (கிளிநொச்சி):

ரெக்கோடிங் பகுதி. அவரிட்ட முதல்ல கேக்கவேண்டியது: பேஸ் இல்லாத மிக்ஸ், குரலும் டிரம்ஸும் தனித்தனியா, பாட்டின்ர வேகம், கட்டை. மாதிரிக்குப் புரோகிராம் பண்ணின பேஸ் இருந்தால் அதையும் தனி ஃபைலா வாங்குங்கோ. அதோட சேத்து மிக்ஸா அனுப்பினால் உங்கட சுருதி சரியோ பிழையோ எண்டு உங்களுக்கே கேக்காது.

48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், மோனோ. இன்ரர்ஃபேஸில கிற்றார் அடையாளம் போட்ட சுவிட்சை அமத்திப்போட்டு நேரே கொழுவுங்கோ. ஆகப் பலமா அடிக்கேக்கயும் உச்சம் மைனஸ் 6 டெசிபலுக்கு மேல போகக்கூடாது. சிவப்பு எரிஞ்ச ரேக் குப்பைக்குத்தான். உங்களைக் கேக்கிறதுக்கு டிரெக்ட் மொனிற்றர் போடுங்கோ, அப்ப பிந்திக் கேக்காது. மடிக்கணினியைப் பற்றரியில ஓட்டுங்கோ, இரண்டு பின் சார்ஜர் கொழுவினால் இரைச்சல் வரும். போன் பிக்கப்புக்குக் கிட்ட கிடந்தால் டிக்-டிக்-டிர்ர் எண்டு நல்ல ரேக்கிலதான் விழும். ஒவ்வொரு ரேக்குக்கும் முதல் சுருதி பாருங்கோ.

அனுப்பேக்க எல்லா ஃபைலும் பாட்டின்ர முதல் பாரில இருந்து தொடங்கட்டும், பேஸ் நடுவில வந்தாலும் சரி. அவர் தன்ர பக்கத்தில இழுத்துப் போட்ட உடன பொருந்தவேணும். பாட்டுக்கு இரண்டு ஃபைல்: ஒண்டு ஒண்டுமே போடாத வெறும் டிஐ, மற்றது உங்கட அம்ப் சத்தத்தோட. மற்றதை அவர் பாவிக்கமாட்டார், ஆனால் நீங்கள் என்ன நினைச்சீங்கள் எண்டு விளங்கும். ஃபைல் பேரில பாட்டு, வேகம், கட்டை, எத்தினையாவது ரேக். நாலு நிமிசப் பாட்டு வேவ் ஃபைலா 35 மெகாபைற் வரும். டேற்றாக் காட்டில அனுப்புறதெண்டால் ஃபிளாக் ஆக்குங்கோ, அரைவாசி அளவுக்குக் குறையும், தரம் குறையாது. எம்பி3 மட்டும் வேண்டாம்.

காசு: அரைவாசி முன்னுக்கு, மிச்சம் வெறும் டிஐ அனுப்ப முதல். ஒரு பாட்டுக்கு இரண்டு தரம் திருத்தம், மூண்டாவதுக்குத் தனிக் காசு. பாட்டையே மாத்திப்போட்டுத் திருத்தக் கேட்டால் அது புது வேலை. வாசிச்சவரின்ர பேர் போடவேணும் எண்டதையும் ஒரே மெசேஜில எழுதிக் கேட்டு, "சரி" எண்டு பதில் எடுத்து வையுங்கோ. உரிமை கேட்டீங்கள்: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில ஆற்றுகையாளருக்கெண்டு தனி உரிமைகள் இருக்கு. ஆனால் மெட்டு அவருடையது, நீங்கள் பேஸ் லைனை உருவாக்கினாலும் அதால இசையமைப்பாளரா ஆகிறேல்லை. லைனை நீங்களே முழுசா உருவாக்கவேணும் எண்டால் அதுக்கும் சேத்து விலை சொல்லுங்கோ.

—

பழையரேப் (வவுனியா):

டிரம்ஸ்காரனுக்கு இதைக் காட்டுங்கோ. லெட் செப்பிலினின்ர ஜோன் போல் ஜோன்ஸ் பாண்டுக்கு வர முதலே லண்டனில கூலிக்கு வாசிச்சு, மற்றவைக்கு வயலின் பகுதி எழுதிக் குடுத்த ஆள். 1967இல ரோலிங் ஸ்ரோன்ஸ் பாட்டு ஒண்டுக்கு எழுதினது அவர்தான். சின்ன வயசில தேவாலயத்தில ஓர்கன் வாசிச்சவர். பாண்ட் 1980இல முடிஞ்ச பிறகு, 1992இல ஆர்.ஈ.எம். இசைத்தட்டில நாலு பாட்டுக்குத் தந்தி வாத்தியப் பகுதி எழுதினார். 2009இல தெம் குரூக்கட் வல்ச்சர்ஸில திரும்பவும் பேஸ். வெளி வேலை கையைக் கெடுக்கிறதெண்டால் செப்பிலினே இருந்திராது.

ரெட் ஹொட் சில்லி பெப்பர்ஸின்ர பேஸ்காரர் ஃபிளீ இன்னொரு மாதிரி. 1995இல அலனிஸ் மொறிசெற்றின்ர பாட்டுக்கு, முதலே பதிஞ்ச குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் பேஸை வைச்சது. உங்கட ரொறன்ரோ வேலையின்ர முறை அதுதான். பேந்து தொம் யோர்க்கோட அற்றம்ஸ் ஃபோர் பீஸ் எண்ட பாண்ட், 2013இல இசைத்தட்டு. அங்க ஸ்லாப் (பெருவிரலால கம்பியைத் தட்டுறது) அடிச்சுத் தன்னைக் காட்டாமல், ஒரே சின்னக் கோவையைத் திருப்பித் திருப்பி வாசிச்சுக்கொண்டு நிக்கிறார். எங்கட பக்கத்தில ரஹ்மானின்ர பாட்டுகளுக்கு வாசிக்கிற கீத் பீற்றர்ஸைக் கேளுங்கோ, எத்தினை சுரத்தை வாசிக்காமல் விடுறார் எண்டு எண்ணுங்கோ.

கை மாறும் எண்டது உண்மைதான். பிக்கை விட்டு விரலுக்கு வந்து மூண்டு மாசம் மெதுவா வாசிச்சால், பாண்டின்ர வேகமான பாட்டில மணிக்கட்டு இறுகும். அதுக்கு மருந்து கிழமையில இரண்டு நாள் அரை மணித்தியாலம் மெற்றோனோமோட பிக். டிரம்ஸ்காரன் பயப்படுறது உதுக்கில்லை எண்டு நினைக்கிறன். அவர் பயப்படுறது பயிற்சி நாளுக்கு நீங்கள் வராமல் விடுவீங்கள் எண்டு. திருவிழாத் திகதிகள் பஞ்சாங்கத்தில முதலே தெரியும், இப்பவே எழுதிக் குடுங்கோ.

—

ஒலித்தட்டு (பரந்தன்):

ஒன்று விடுபட்டுவிட்டது. மேளக் கச்சேரிக்குப் பேஸைச் சேர்த்தபடியே வான் பின்சீற்றில் வெயிலில் விடவேண்டாம், சூட்டில் கழுத்து வளையும். கொண்டுபோகவேண்டியவை: மாற்று 9 வோல்ற் பற்றரி இரண்டு, வயர் இரண்டு, உங்கள் ட்ரஸ் றொட்டுக்குப் பொருந்துகிற அலன் கீ, கறுப்பு ரேப், மல்ரி மீற்றர். மாற்றின தடிச்ச கம்பியின் பழைய 105ஐயும் சுருட்டிப் பையில் போடுங்கள். 110 அறுந்தால் மாங்குளத்தில் இரவு பத்து மணிக்கு வாங்க இடமில்லை.